மேலே பச்சை, கீழே சிவப்பு: பங்குச் செயலி பற்றிய கேள்விகளும் பதில்களும்

பங்குத் தரகர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால், செயலியைப் புதிதாக இறக்கியவர்கள் என்னிடம் கேள்விகளை அனுப்புகிறார்கள். "எந்தப் பங்கை வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதைச் சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நான் பெறவில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): ஐயா, நான் வைத்திருக்கும் பங்கு 1.5% கூடியிருப்பதாகப் பச்சை எழுத்தில் காட்டுகிறது. வரைபடத்தில் அன்றைய விலையைக் காட்டும் மெழுகுவர்த்தி வடிவமோ சிவப்பாக இருக்கிறது. செயலியில் பிழையா?

பிழை இல்லை. இரண்டும் வெவ்வேறு விலையோடு ஒப்பிடுகின்றன. நேற்று 400 ரூபாயில் முடிந்த பங்கு, இரவில் வந்த நல்ல செய்தியால் இன்று காலை 9.15-க்கு 412-இல் தொடங்கி, மாலையில் 406-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதக் கணக்குக்கு நேற்றைய முடிவு விலைதான் அடிப்படை: 400-லிருந்து 406, ஆகவே பச்சை. மெழுகுவர்த்திக்கு நேற்று என்ற ஒன்றே கிடையாது. இன்று எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதை மட்டும் பார்க்கும்: 412-லிருந்து 406, ஆகவே சிவப்பு. அதன் தடித்த உடல் இந்த இரண்டு விலைக்கும் இடைப்பட்டது. மேலும் கீழும் நீளும் திரிகள் அன்றைய உச்சமும் தாழ்வும்.

செயலியில் எந்த நிறத்தைப் பார்த்தாலும் "எதோடு ஒப்பிட்டு?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வரும் பதற்றக் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

கேள்வி (இல்லத்தரசி, திருச்சி): 2024 அக்டோபரில் ஒரு காலை ரிலையன்ஸ் பாதி விலைக்கு விழுந்துவிட்டதாகச் செயலி காட்டியது. பயந்து விற்றுவிட்டேன். இப்போது வரைபடத்தில் அந்தச் சரிவையே காணோம்!

அம்மா, உங்களுக்காக வருந்துகிறேன். அது சரிவே இல்லை. ரிலையன்ஸ், ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக, அதாவது போனஸாகத் தந்தது. அதற்கேற்பக் குறைந்த விலையில் 2024 அக்டோபர் 28 அன்று வர்த்தகமானது. முந்தைய வர்த்தக நாளில் சுமார் 2,655 ரூபாயில் முடிந்த பங்கு, அன்று அதில் பாதியை ஒட்டித் தொடங்கியது. உங்களிடம் பத்து இருந்தால் இருபதாகும். மொத்த மதிப்பு அதேதான். ஆனால் விலை அன்று காலையே மாறிவிடும், போனஸ் பங்கு உங்கள் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்குக்கு வந்துசேரச் சில நாளாகும். அந்த இடைவெளியில்தான் செயலி பாதிப் பணத்தைக் காணோம் என்று சிவப்பில் கூச்சலிடும். பிறகு பழைய விலைகளையெல்லாம் பாதியாக்கி வரைபடத்தைச் சரிசெய்துவிடுவார்கள். நீங்கள் தேடும் பள்ளம் அதனால்தான் கிடைக்கவில்லை. ஒரு பங்கைப் பலவாக உடைக்கும் பங்குப் பிரிப்பிலும் இதே கதைதான். ஒரே இரவில் சரிபாதியோ ஐந்தில் ஒன்றோ ஆகியிருந்தால், விற்கும் முன் நிறுவன அறிவிப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): எம்ஆர்எஃப் ஒரு பங்கு லட்சம் ரூபாய், ஐடிசி சில நூறுதான். அப்படியென்றால் எம்ஆர்எஃப்தானே பெரிய நிறுவனம்?

இல்லை தம்பி. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப், பங்கைப் பிரித்ததே இல்லை. மொத்தம் இருப்பது சுமார் 42 லட்சம் பங்குகள்தான். 2023 ஜூனில் லட்சத்தைத் தொட்டபோது எல்லாப் பங்குகளும் சேர்ந்த சந்தை மதிப்பு ஏறக்குறைய 42,000 கோடி ரூபாய். ஐடிசியின் பங்குகளோ எண்ணிக்கையில் சுமார் 1,250 கோடி. ஒன்று 400 ரூபாய் என்று வைத்தாலே 5 லட்சம் கோடி ரூபாய் வரும். முழு தோசையைப் பத்தாகக் கிழித்தாலும் நூறாகக் கிழித்தாலும் மாவு ஒன்றுதான். ஒரு துண்டின் விலையை வைத்துத் தோசையின் அளவைச் சொல்ல முடியாது.

கேள்வி (ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு): திரையில் 84 ரூபாய் என்று இருந்த பங்கு எனக்கு 86-க்கு மேல்தான் கிடைத்தது. ஏமாற்றுகிறார்களா?

நானே இப்படிச் சூடு பட்டவன். திரையில் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அடுத்தவருக்கும் அதே விலை என்ற வாக்குறுதி அல்ல. ஒரு முறை ஒரு சிறிய நிறுவனத்தில் 500 பங்கை, கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டரில் போட்டேன். விற்பவர் வரிசை இப்படி இருந்தது: 84.20-க்கு 50 பங்கு, 85-க்கு 120, 86.50-க்கு 130, அதற்கு மேல் 88-க்குத்தான் மீதி 200. நான்கையும் வழித்துக்கொண்டு சராசரி 86.51-இல் வந்து நின்றேன். காய்கறிக் கடையில் முதல் கூடையில் அரைக் கிலோதான் இருந்தால், மீதிக்கு அடுத்த கூடைக்காரர் சொல்லும் விலைதானே?

செயலியில் வாங்குவோர், விற்போர் இரு பக்கமும் ஐந்து ஐந்து வரிசைகள் தெரியும். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. வியாபாரம் குறைவாக நடக்கும் பங்கென்றால் அதைப் பார்த்துவிட்டு, லிமிட் ஆர்டரில் உங்கள் விலையை எழுதுங்கள். கிடைக்காமல் போகலாம், போகட்டும்.

கேள்வி (ஆசிரியை, நாகர்கோவில்): 1,000% டிவிடெண்ட் என்று அறிவிப்பு வந்தது. பத்து மடங்கா?

டிவிடெண்ட் என்பது நிறுவனம் தரும் லாபப் பங்கு. அது முகமதிப்பில், அதாவது நிறுவனம் பங்குக்குக் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பில், பத்து மடங்கு. முகமதிப்பு ஒரு ரூபாய் என்றால் பங்குக்குப் பத்து ரூபாய். சந்தை விலை 2,000 ஆக இருந்தால் அது அரை சதவீதம்.

கேள்வி (ஓட்டுநர், சேலம்): ஒரு நாள் வரைபடம் மலையும் பள்ளமுமாக இருக்கிறது, ஐந்தாண்டு வரைபடம் சாந்தமாக இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மைதான், அண்ணா. ஒரு நாள் வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். 1,502-லிருந்து 1,508 வரை போன பங்கின் ஆறு ரூபாயைத் திரை முழுக்க இழுத்து மலையாக்கியிருப்பார்கள். அரை சதவீதம்கூட இல்லை. நான் எப்போதும் மூன்று வருட வரைபடத்தில்தான் தொடங்குவேன்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): வரைபடத்தில் நடுவில் உயர்ந்த முகடும் இரு பக்கமும் சிறிய முகடுகளுமாக "தலையும் தோள்களும்" வடிவம் தெரிந்தால் விலை இறங்கும் என்கிறார்களே?

சில நேரம் இறங்கும், சில நேரம் ஏறும். இறங்கிய படத்தை மட்டும்தான் பாடமாகக் காட்டுவார்கள். வடிவங்களை நம்பி, வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகும் முன் ஒன்று சொல்கிறேன்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அங்கே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. அவர்கள் கையிலும் வரைபடம் இருந்தது.

கேள்வி (ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்): சனிக்கிழமை முழுவதும் விலை அசையவே இல்லை. செயலியை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டுமா?

வேண்டாம் ஐயா, சந்தைக்கு விடுமுறை. பட்ஜெட் நாளான 2025 பிப்ரவரி 1 போல ஏதாவது ஒரு சனிக்கிழமை திறந்தால் உண்டு. திங்கள் காலை 9.15-க்குப் பாருங்கள்.