பெயரைப் போடவில்லை, முகத்தையும் மறைத்துவிட்டேன். அப்புறம் எது தப்பு?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் மூன்று வருடமாக ஒரு செய்தி இணையதளமும் யூடியூப் சேனலும் நடத்தி வருகிறேன் ஐயா. நிருபர், எடிட்டர், முதலாளி எல்லாம் நான் ஒருவன்தான். போன வாரம் எங்கள் பகுதியில் 10-ஆம் வகுப்பு மாணவிக்கு நடக்க இருந்த கல்யாணத்தை அதிகாரிகள் வந்து தடுத்தார்கள். நிருபர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஓர் அதிகாரியே படத்தோடு தகவல் போட்டார். நான் பெண்ணின் பெயரைப் போடவில்லை. முகத்தையும் மங்கலாக்கிவிட்டேன். கொட்டாயின் பெயர், அப்பா கட்டட மேஸ்திரி என்பது, மாப்பிள்ளை தாய்மாமன் என்பது, படிக்கும் பள்ளி இவ்வளவுதான் இருந்தது. மறுநாள் பெண்ணின் சித்தப்பா போன் செய்து, "பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்குது, அதை எடுத்துடுங்க" என்றார். சட்டப்படி நான் சரியாகத்தானே செய்திருக்கிறேன்? ஊரையும் எடுத்துவிட்டால் அது எப்படிச் செய்தியாகும்?

பதில்: முதலில் அதை எடுத்துவிடுங்கள் தம்பி, மீதியை அப்புறம் படிக்கலாம். நீங்கள் போட்டது சட்டப்படியும் சரியில்லை.

கொட்டாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஊரை விட்டுத் தள்ளி, நிலங்களுக்கு நடுவே இருபது முப்பது வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்தைக் கொட்டாய் என்போம். பலவற்றுக்கு யாரோ ஒரு பெரியவரின் பெயரே ஊர்ப்பெயர். அப்படி ஒரு கொட்டாயில் 10-ஆம் வகுப்புப் படிக்கும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர், மிஞ்சினால் இருவர். அதில் மேஸ்திரி மகள் யார்? பெயரை எழுதியிருந்தால்கூட 'இது எந்த வீட்டுப் பெண்' என்று இரண்டு பேராவது கேட்டிருப்பார்கள். நீங்கள் எழுதியபடி பார்த்தால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை.

மங்கலாக்கிய முகம் சென்னையில் இருந்து படிப்பவரிடமிருந்து அவளை மறைக்கிறது. ஆனால் அவர் அவளைப் பார்க்கப் போவதே இல்லை. உங்கள் தளத்தை விழுந்து விழுந்து படிப்பவர்கள் பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் காரிமங்கலத்திலும் இருக்கிறார்கள். அவளோடு பஸ்ஸில் வருகிற பெண், அவளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர், அந்தத் தாய்மாமனின் கூட்டாளிகள் எல்லாரும் அதில் அடக்கம். மறைக்க வேண்டியது இவர்களிடமிருந்துதான். எனவே வெளியிடும் முன் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அவள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் இதைப் படித்தால் யார் என்று தெரிந்துவிடுமா? தெரியும் என்றால் இன்னும் ஒரு விவரத்தை எடுக்க வேண்டும். தெரியாமல் போகும் வரை எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நாளிதழில் இருந்த காலத்தில், ஒரு மலை கிராமத்துக் குழந்தையைப் பற்றிய செய்தியில் பெயர், ஊர் எல்லாவற்றையும் கவனமாக எடுத்துவிட்டு, 'தபால்காரரின் மகள்' என்று மட்டும் விட்டுவைத்தேன். அந்த மலைக்கே தபால்காரர் ஒருவர்தான். இரண்டு நாள் கழித்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. அந்தப் பத்திரிகையாவது மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது. உங்கள் செய்தி போகாது. நான்கு வருடம் கழித்து அவள் கல்லூரிக்குப் போகும்போதும், வேலை கேட்டு ஓசூர் போகும்போதும் தேடினால் கிடைக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அடையாளத்தை மறைக்கும் விதி போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளுக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைவிட அகலமானது. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட சிறார், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என எல்லாருக்கும் அது பொருந்தும். திருமண வயதுக்கு முன்பே கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தை இந்தக் கடைசி வகைக்குள் வருகிறது. தொழிலாளர் சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்டு மீட்கப்படும் குழந்தையும் அப்படியே. பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் பத்திரிகையிலோ காட்சி ஊடகத்திலோ பிற தகவல் தொடர்பு வடிவங்களிலோ வரக்கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கல்யாணம் ஏற்கெனவே முடிந்து அந்தப் பெண் பாலியல் குற்றத்துக்கும் ஆளாகியிருந்தால் போக்சோவின் 23-ஆவது பிரிவும் சேர்ந்துகொள்ளும். குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது. தண்டனை குறைந்தது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. உங்கள் விஷயத்தில் மூவரும் ஒரே ஆள்!

'அப்பாவே சம்மதித்துப் பேட்டி கொடுத்தார்' என்பதும் உதவாது. குழந்தையின் நலனுக்காக அடையாளத்தை வெளியிட வேண்டும் என்றால், போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றமும், மற்றபடி குழந்தைகள் நலக்குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோதான் எழுத்தில் அனுமதிக்க முடியும். பெரிய நிறுவனங்களே இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 2018-இல் ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் போட்ட ஊடகங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில், நிபுன் சக்சேனா வழக்கில், பாதிக்கப்பட்டவரைச் சுற்றிவளைத்துக்கூட அடையாளம் காட்டும் தகவல் சமூக ஊடகம் உட்பட எங்கும் வரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் பள்ளி மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு வெளிவந்தபோது ஓடிய செய்திகளை இந்தக் கண்ணோடு நினைத்துப் பாருங்கள். பள்ளி எது என்று தெரிந்தால், அங்கே படிக்கும் ஒவ்வொரு பெண்ணையும் தெரு ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

வாட்ஸ்அப் குழுவில் அதிகாரியே படம் போட்டார் என்கிறீர்கள். ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம் வந்தால் பாருங்கள், மீட்கப்பட்ட பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பின்னால் அதிகாரிகள் நின்று எடுத்த படங்கள் எத்தனை வரும். அந்தப் படம் துறையின் வேலையை மேலிடத்துக்குக் காட்ட எடுத்தது. உங்களுக்கு வந்தது தகவல், அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'மற்ற சேனல்காரர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள்' என்பதும் அப்படித்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவர் ஊரைப் போடுவார், ஒருவர் பள்ளியை, ஒருவர் தாய்மாமனின் பெயரை. ஒவ்வொருவரும் தனித்தனியே யோக்கியர். மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழந்தை கிடைத்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அப்பாவோ மாமாவோ என்றால் அவர் பெயரைப் போடுவதே குழந்தையின் பெயரைப் போடுவதுதான். உறவைச் சொன்னால் ஆளின் பெயரை விடுங்கள்.

இனி எடுக்கும் வேலை. 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். செய்தியின் உள்ளே திருத்தினாலும் அதன் இணைய முகவரியில் கொட்டாயின் பெயர் ஆங்கில எழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே திருத்த வேண்டாம், முழுப் பக்கத்தையும் எடுங்கள். வேர்ட்பிரஸில் பதிவை அழித்தாலும் படம் மீடியா கிடங்கில் தனியே இருக்கும். அதையும் தேடி அழியுங்கள். பேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பில் பழைய தலைப்பும் படமும் அப்படியே தெரியும். யூடியூபில் வீடியோ, அதிலிருந்து வெட்டிப் போட்ட ஷார்ட்ஸ், தம்ப்நெயில் மூன்றையும் பாருங்கள். கூகுள் தேடலில் கொஞ்ச நாள் பழைய வரி எட்டிப்பார்க்கும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் வசதி அங்கேயே இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம் கமெண்ட். நீங்கள் எவ்வளவு மறைத்து எழுதினாலும், கீழே எவனோ ஒருவன் 'இது நம்ம இன்னார் பொண்ணுதானே' என்று எழுதுவான். குழந்தைகள் பற்றிய எந்தச் செய்திக்கும் கமெண்டை அடைத்து வைப்பது என் வழக்கம்.

அடுத்த முறை படமே வேண்டாம். குனிந்து உட்கார்ந்திருக்கும் சிறுமி, வாயைப் பொத்தும் ஆண் கை என்று ஒரு படம் எல்லாத் தளத்திலும் சுற்றுகிறதே, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. செய்திக்குச் சம்பந்தமில்லாத நிஜக் குழந்தையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால், அந்தக் குழந்தைக்கும் சேர்த்து வம்பு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு அட்டை செய்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஊர் இல்லாமல் எப்படிச் செய்தி என்று கேட்டீர்கள். இப்படி எழுதிப் பாருங்களேன்: 'தர்மபுரி மாவட்டத்தில், 18 வயது நிறையாத பெண்ணுக்கு நடக்க இருந்த திருமணத்தைச் சமூக நலத்துறையினரும் போலீசாரும் தடுத்து நிறுத்தினர். அந்தப் பெண், குழந்தைகள் நலக்குழுவின் பாதுகாப்பில் உள்ளார்.' இரண்டே வரிதான். தகவல் கொடுத்தது தோழி என்றோ பள்ளி ஆசிரியை என்றோ இதில் இல்லை, கவனித்தீர்களா? அதைப் போட்டால் அந்தத் தோழியை ஊர் சும்மா விடாது. அடுத்த கல்யாணத்துக்கு யாரும் 1098-ஐ அழைக்கவும் மாட்டார்கள்.

மிச்சமுள்ள இடத்தில்தான் உங்கள் செய்தி இருக்கிறது. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் பெண்ணை 'ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டா நிம்மதி' என்று நினைக்கும் வீடுகளை உங்களைவிட யாருக்குத் தெரியும்? மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தொடர்ந்து வராத மாணவியைப் பள்ளி விசாரித்ததா, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு எழுதுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: மூன்று ஆண்டில் எத்தனை திருமணங்கள் தடுக்கப்பட்டன, அந்தப் பெண்களில் எத்தனை பேர் திரும்பப் பள்ளிக்குப் போனார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால் அது மாநிலச் செய்தி. பின்னணிக்கு 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கிறது: 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே கல்யாணமானவர்கள் நாட்டளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். சட்டத்தையும் சரியாக எழுதுங்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாகவே செல்லாததாகிவிடாது. ஆள்கடத்தல், பலவந்தம் போன்றவற்றில் செல்லாது. மற்றபடி அந்தப் பெண்ணோ பையனோ நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். 'திருமணம் செல்லாது' என்று நாம் எழுதுவதைப் படித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

சொற்களிலும் கை வைக்க வேண்டும். 'ஆசை வார்த்தை கூறி', 'சில்மிஷம்', 'உல்லாசமாக இருந்தார்'. குழந்தைக்கு நடந்த வன்முறையில் உல்லாசம் எங்கிருந்து வந்தது? பாலியல் வன்முறை, பாலியல் சீண்டல் என்று நேராக எழுதலாம். 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை.

காணாமல் போன குழந்தையின் செய்தி மட்டும் தலைகீழ். அங்கே படமும் பெயரும் வேண்டும், போலீஸ் கேட்டால் உடனே போடுங்கள். ஆனால் குழந்தை கிடைத்த அன்றே எடுத்துவிடுங்கள். 'கிடைத்துவிட்டாள்' என்று அதே படத்தோடு இன்னொன்று போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு. கடத்தலோ வேறு குற்றமோ பின்னால் தெரியவந்தால் அந்தப் படம்தான் முதலில் நிற்கும். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் தற்கொலைச் செய்திகளில் முறையையும் கடிதத்தையும் மதிப்பெண்ணையும் விட்டுவிடுங்கள். மனநல உதவிக்கான 104, 14416 இரண்டு எண்களையும் கீழே போடுங்கள்.

அந்தச் சித்தப்பா போலீசுக்கோ குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கோ போயிருக்கலாம். உங்களுக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் எடுத்து முடித்ததும் நீங்களே கூப்பிட்டு, எங்கெங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வேறு எந்தத் தளத்திலாவது பார்த்தாரா என்றும் கேளுங்கள், அவர்களுக்கும் சொல்லி எடுக்க வைக்க உங்களால் முடியும். மன்னிப்பை அவரிடமே கேட்டுவிடுங்கள். 'வருந்துகிறோம்' என்று தளத்தில் ஒரு பதிவு போட்டால், எந்தச் செய்திக்கு என்று ஊரே தேட ஆரம்பித்துவிடும்.