பழைய கேஸ்கெட்டின் படத்தை ஆட்டோகேடில் போட்டு, சரியான அளவில் வரைந்து எடுப்பது எப்படி?

மோட்டார் பம்பின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தகடு) கடையில் கிடைக்கவில்லை, மொபைலில் எடுத்த படம் மட்டும் இருக்கிறது, அதை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் போட்டால் தானாகவே கோடாக மாறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் பம்ப் உதிரிபாகங்களுக்கு டிராயிங் போடுவதுதான் என் வேலை, அதனால் இது எனக்கு அன்றாட விஷயம். படத்தைத் தானாகக் கோடாக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அளவு பிசகக் கூடாத பாகத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். படத்திலிருந்து உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவை வெர்னியரிலிருந்து (மி.மீ.க்கும் குறைவாக அளக்கும் கருவி) எடுங்கள்.

முதலில் அந்த மொபைல் படத்தைப் பற்றி. மேசையில் ஒரு ஸ்கேலை வைத்து, பக்கத்தில் பாகத்தை வைத்து, 30 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். பாகம் 1 செ.மீ. தடிமன் என்றால் அதன் மேல்விளிம்பு கேமராவுக்கு 29 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, ஸ்கேலோ 30 செ.மீ. தூரத்தில். அதனாலேயே 100 மி.மீ. இருக்க வேண்டியது படத்தில் 103.4 மி.மீ. என்று காட்டும். அந்த டிராயிங்கில் வெட்டிய கேஸ்கெட்டில் போல்ட் நுழையாது. 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் வைத்து எடுத்தால் இதே பிழை அரை மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஸ்கேலையும் பாகத்தின் மேல்மட்ட உயரத்திலேயே வைத்தால் இந்தப் பிழை அநேகமாகப் போய்விடும். ஸ்கேல் இல்லையென்றால் ஏடிஎம் கார்டு போதும். அது எந்த வங்கியுடையதானாலும் 85.6 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம்.

ஆனால் கேஸ்கெட்டுக்கு கேமராவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பழைய கேஸ்கெட்டையும் முழுதாக நம்ப முடியாது. இறுக்கத்தில் நசுங்கி, தண்ணீரில் ஊறி, கழற்றும்போது இழுபட்டிருக்கும். அது உட்கார்ந்திருந்த ஃபிளாஞ்ச் முகம் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான உலோக விளிம்பு) மாறவே இல்லை அல்லவா? அதைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரீஸ் பட்ட கட்டைவிரலால் விளிம்புகளில் அழுத்தித் தேயுங்கள். போல்ட் ஓட்டைகள், உள்விளிம்பு, வெளிவிளிம்பு எல்லாம் கருப்பாகப் பதியும். மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வதுதான். அந்தத் தாளை ஸ்கேனரில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். ஒரு பிக்சல் சுமார் 0.085 மி.மீ., இந்த வேலைக்கு அது தாராளம். தாள் தட்டையாக இருப்பதால் கேமராவில் வரும் கோணப் பிழை, உயரப் பிழை எதுவும் இதில் கிடையாது.

அடுத்தது வெர்னியர். இரண்டு போல்ட் ஓட்டைகளின் மையத் தூரத்தை நேரடியாக அளக்க முடியாது. இரண்டு ஓட்டைகளின் அருகருகே உள்ள விளிம்புகளுக்கு நடுவே ஒரு அளவு, தள்ளி இருக்கும் விளிம்புகளுக்கு நடுவே ஒரு அளவு எடுத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத் தூரம் வந்துவிடும். ஓட்டைகள் வேறு வேறு விட்டமாக இருந்தாலும் கணக்கு மாறாது.

ஆட்டோகேடில் இமேஜ்அட்டாச் கட்டளையில் படத்தைக் கொண்டுவாருங்கள். படத்தில் தெரியும் இரண்டு மையங்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, படம், கோடு இரண்டையும் தேர்ந்தெடுத்து, அளவை மாற்றும் ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் என்பதை எடுத்து, கோட்டின் இரு முனைகளையும் தொட்டுவிட்டு வெர்னியர் அளவை டைப் செய்யுங்கள். ஃப்யூஷன் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் இதுவே கேன்வாஸ் போட்டு கேலிப்ரேட் செய்வது. எதில் செய்தாலும், கிடைப்பதில் மிக நீளமான தூரத்தை வைத்தே ஸ்கேல் செய்யுங்கள். 20 மி.மீ. தூரத்தை வைத்துச் செய்யும்போது கை அரை மி.மீ. தவறினால் 150 மி.மீ. பாகத்தில் அது 3.75 மி.மீ. பிழையாக வளரும். 150 மி.மீ. தூரத்தையே வைத்திருந்தால் அரை மி.மீ.யோடு நின்றிருக்கும். பிறகு குறுக்குவாட்டிலும் ஒரு அளவைச் சரிபாருங்கள். சில ஸ்கேனர்களில் நீளவாட்டு அளவும் குறுக்குவாட்டு அளவும் ஒன்றுபோல வராது.

அப்புறம் படத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) போட்டுப் பூட்டி, கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ளுங்கள். படக் கோப்பு டிராயிங்குக்குள் சேர்வதில்லை, இணைப்பு மட்டுமே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

வரையும்போதுதான் பலர் சறுக்குவது. பிக்சல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடிக்கு அடி கிளிக் செய்துகொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் தாளின் சுருக்கமும் கிரீஸ் வழிந்த இடமும் டிராயிங்கில் ஏறிவிடும். இந்த பாகத்தை முதலில் வரைந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள். நாலு ஓட்டைகளும் ஒரே வட்டத்தில் இருப்பதுபோல் தெரிகிறதா? படத்தில் கோணம் 89.6 டிகிரி என்று வந்தாலும் அது 90 டிகிரிதான். எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் போகும் ஓட்டை படத்தில் 6.47 என்று காட்டினால், வழக்கமான 6.6 மி.மீ. வட்டத்தைப் போட்டு வெர்னியரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பு பெரும்பாலும் நேர்கோடுகளும் அவற்றைத் தொட்டுச் செல்லும் ஆர்க்குகளும் (வட்டத்தின் துண்டுகள்)தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பாதியை வரைந்து மிரர் செய்யுங்கள். ஸ்ப்லைன் (புள்ளிகள் வழியே செல்லும் வளைகோடு) கடைசி வழி. அதிலும் வளைவு மாறும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளிகள் கூடக் கூடக் கோடு அலை அலையாகத்தான் போகும்.

படத்தைத் தானாகக் கோடாக்கும் ட்ரேஸ் முறையை நான் ஒதுக்கிவிடவில்லை. வீட்டு கேட்டில் வைக்கும் மயில், பூக்கொடி, கடையின் லோகோ இவற்றுக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் உள்ள ட்ரேஸ் பிட்மேப் அருமையாக வேலை செய்யும். அங்கே அரை மி.மீ. யாருக்கும் தெரியாது. கேஸ்கெட்டிலோ அது வட்டமான ஓட்டையை வட்டமாகத் தராது, பல வளைவுத் துண்டுகளாகத் தரும். மையமோ விட்டமோ கேட்டால் சொல்லாது. வழக்கமான அமைப்பில், பேனாவால் வரைந்த ஒரு கோட்டுக்கு இருபுறமும் இரண்டு கோடுகள் போட்டுவிடும். அதைத் திருத்தும் நேரத்தில் கையாலேயே வரைந்து முடித்துவிடலாம்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒன்றுக்கு ஒன்று அளவில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்டர் அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்து என்பது இருந்தால் எடுத்துவிட்டு உண்மை அளவு என்று வையுங்கள். தாளில் ஓட்டைகளை வெட்டி ஃபிளாஞ்சில் வைத்து, போல்ட்டுகளைக் கையால் நுழைத்துப் பாருங்கள். எல்லாம் தடையில்லாமல் போனால் சரி.

லேசர் கட்டிங் கடைக்கு டிஎக்ஸ்எஃப் (டிராயிங் பரிமாறும் கோப்பு வகை) அனுப்பும்போது படத்தையும் அளவுக் கோடுகளையும் நீக்கிவிடுங்கள். ஓவர்கில் கட்டளை கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை அகற்றி, விளிம்புகளை மூடிய பாலிலைனாக (துண்டுகள் சேர்ந்த ஒரே கோடாக) இணையுங்கள். சில மென்பொருள்கள் மி.மீ.யில் வரைந்த டிஎக்ஸ்எஃப்பை அங்குலமாக எடுத்துக்கொள்வதுண்டு, அதனால் அனுப்பும் செய்தியிலேயே கேஸ்கெட்டின் மொத்த நீளம் இத்தனை மி.மீ. என்று எழுதிவிடுங்கள்.