பேரன் நெஞ்சில் ஸ்டென்ட்: பாட்டி பார்க்க வேண்டியது எதை?

அம்மா, நீண்ட கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: குழந்தைக்கு ஆஸ்பிரின் ஆபத்து என்ற வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துப் பயந்து, இருதயத்தருகே ஸ்டென்ட் வைத்த நான்கு மாதப் பேரனுக்கு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரினை மூன்று நாளாகக் கொடுக்கவில்லை என்று. படித்ததுமே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இருதயப் பிரிவை உடனே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிற அளவில் மறுபடி தொடங்குங்கள், விட்டுப்போன நாளுக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்றேன். மகள் அன்றைக்கே பேசிவிட்டார், நல்லது. ஆனால் அதே வீடியோ இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறதோ! அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பேரன், இருதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வால்வு திறக்காமலே பிறந்தவன். தாய் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே ஒரு சிறு குழாய் உண்டு. டக்டஸ் என்போம். பிறந்து மூச்சு விட்டபின் அதற்கு வேலை இல்லை, சில நாளில் மூடிக்கொள்ளும். இவனுக்கோ நுரையீரலுக்கு ரத்தம் போக அது ஒன்றுதான் வழி. அதனால்தான் முதலில் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை நரம்பில் ஏற்றி அதை மூடவிடாமல் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் கோலாலம்பூரில் ஐஜேஎன் என்னும் தேசிய இருதய மருத்துவமனையில், அந்தக் குழாய் திறந்தே இருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் அகலக் கம்பி வலை; பெரியவர்களின் மாரடைப்புக்கு வைக்கிற அதே வகைதான். தொடை இடுக்கிலோ கழுத்திலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், பலூனை ஊதி விரித்துப் பதிப்பார்கள். முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்து, கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரலுக்கு இணைப்புக் கொடுப்பது ஒன்றே வழி. 1944-ல் பால்டிமோரில் தொடங்கிய அறுவை அது. ஸ்டென்ட் பொருந்தாத குழந்தைகளுக்கு இன்றும் அதைத்தான் செய்கிறோம். டக்டஸ் ஸ்டென்ட்டில் நம் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. டாக்டர் மசேனி அல்வியும் ஐஜேஎன் குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வை வெளிநாட்டு நிபுணர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். "சென்னைக்கே கொண்டுபோயிருக்கலாமோ" என்ற உங்கள் சம்பந்திக்கு இதைச் சொல்லுங்கள்.

எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான்: நடுராத்திரியில், யாருக்கும் தெரியாமல் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால்? மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடி விடியவிடிய உட்கார்ந்திருக்கிறீர்கள். அடைக்கவே அடைக்காது என்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்புக்கு வழிவிடுகிற விஷயங்களில் இரண்டு உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, ஆஸ்பிரின் நின்றுபோவது. இன்னொன்று, குழந்தையின் உடம்பில் நீர் வற்றுவது. இரண்டையும் பகலிலேயே பார்த்துத் தடுக்கலாம்.

இந்த நீர் வற்றுவதைத்தான் நீங்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறைவாக ஓடும் குழந்தையின் உடம்பு, ஈடுகட்டுவதற்காகச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் ரத்தம் ஏற்கெனவே கெட்டி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் கெட்டியாகும்; அவ்வளவு குறுகலான குழாயில் அது உறைய அதிக நேரம் வேண்டாம். மற்றக் குழந்தை இரண்டு தடவை வாந்தி எடுத்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இவன் விஷயத்தில் காலைவரை காத்திருக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீராகப் போவது, அடுத்தடுத்து இரண்டு வேளை பாலை மறுப்பது, ஆறு மணி நேரமாகப் பேம்பர்ஸ் நனையாமல் இருப்பது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது: இதில் ஒன்று இருந்தாலே கிளம்புங்கள். வசம்பு உரைத்துக் கொடுத்துப் பார்ப்போம், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். எத்தனை பிள்ளைகளை வளர்த்த கையாக இருந்தாலும், இவனுக்கு உரைமருந்து எதுவும் கூடாது.

எங்கே கிளம்புவது? கோலாலம்பூருக்கு அல்ல. பட்டர்வொர்த்தில் இருக்கும் நீங்கள் செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவர்கள் ஐஜேஎன்னோடு பேசிக்கொள்வார்கள். வாசலிலேயே "டக்டஸ் ஸ்டென்ட் வைத்த குழந்தை" என்று சொல்லி டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையில் கொடுங்கள். அதன் நகல் ஒன்று குழந்தையின் பையிலேயே இருக்கட்டும். மகள் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலையில் இருக்கிறார், பாலத்தைக் கடந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நீலத்தைப் பற்றி. அழும்போது உதடு கறுத்து, அழுகை நின்றதும் பழையபடி ஆனால் பயமில்லை. குளித்ததும் கை கால் நீலமாவது எந்தக் குழந்தைக்கும் வரும். நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் உதட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. பகல் வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள். அவன் நாக்கின் வழக்கமான நிறம் நாலு நாளில் உங்களுக்குப் பழகிவிடும். அமைதியாகப் படுத்திருக்கும்போதே அது வழக்கத்தைவிடக் கருநீலமாகி, குழந்தையும் சோர்ந்து துவண்டால், யாரையும் கேட்க வேண்டாம், 999-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட ஆன்லைனில் வாங்கிய அந்த விரல் கருவியை எடுத்து வைத்துவிடுங்கள். பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப், குழந்தை விரலில் சரியாக நிற்காது. "82 காட்டுகிறது, 95-க்குக் கீழே ஆபத்து என்று கூகுள் சொல்கிறது" என்கிறீர்கள். கூகுளுக்கு உங்கள் பேரனின் இருதயம் தெரியாது. இவனைப் போன்ற குழந்தைக்கு 75-லிருந்து 85 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். அவனுக்கான எண்ணை அவன் மருத்துவர் குறித்திருப்பார். குழந்தை வளர வளர அது மெல்ல இறங்கும். அவன் வளர்வான், ஸ்டென்ட் வளராது; உள்ளே சதையும் படியும். முதலிலேயே தெரிந்த விஷயம்தான் இது, யாருடைய தவறும் இல்லை. அடுத்த அறுவைக்கு நாள் குறிப்பதற்காகத்தான் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு அப்பாயின்ட்மென்டையும் தவறவிடாதீர்கள்.

மீதிக் கேள்விகள். ஸ்டென்ட் துருப்பிடிக்காது. நான்கு மாதத்தில் நன்றாகப் பதிந்திருக்கும், தூக்கிக் கொஞ்சினால் கழன்று விழாது. மகள் கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததல்ல இது. ஆயிரம் குழந்தைகளில் எட்டுப் பேர் ஏதாவதொரு இருதயக் குறையோடு பிறக்கிறார்கள், அந்த இருதயம் கர்ப்பத்தின் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகிறது. அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் இனி எழக்கூடாது, மகள் காதில் விழவே கூடாது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கலாம், ஆனால் தைப்பூச வெயிலிலும் கூட்டத்திலும் வேண்டாம்; வேறொரு நாள் காலையில் போங்கள். காது குத்துவதைத் தள்ளிப்போடுங்கள்: ஆஸ்பிரினால் ரத்தம் கசியும், கிருமி புகுந்தால் இருதயம்வரை போகும்.

கடைசியாக அந்த வீடியோ. அது சொல்வது ரேய் சிண்ட்ரோம் என்னும் அபூர்வ நோயை. ஃப்ளூவோ சின்னம்மையோ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கும்போது வரக்கூடியது. அதனால்தான் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. இவனுக்குக் கொடுப்பது காய்ச்சலுக்கு அல்ல, ரத்தம் உறையாமல் இருக்க. அளவும் சிறியது, கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். இவனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் யாருக்காவது அம்மை கண்டாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். இபுபுரோஃபென் சிரப் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் இந்த மாதமே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் அவனுக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள்.