லிராவில் எவ்வளவு? மர்மரிஸ் போகிறவர்களின் கேள்விகள்

துருக்கியின் தென்மேற்கு மூலையில், பைன் காட்டு மலைகள் சூழ்ந்த வளைகுடாவில் இருக்கிறது மர்மரிஸ். பகலெல்லாம் கடற்கரை, இரவெல்லாம் மதுக்கூடத் தெருவின் ஆட்டம் பாட்டம். இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஊரைப் பற்றியவைதான். சுருக்கித் தருகிறேன்.

கே: நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இணையத்தில் துருக்கி விசா எடுத்தேன். ஆளுக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஆயிற்று. எனக்கு விசாவே தேவையில்லை என்று விமான நிலையத்தில்தான் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், லண்டன்)

ப: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் 2020 மார்ச்சிலிருந்து விசா இல்லாமலே போகலாம், 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம். உங்களிடம் பணம் வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கொடி, சின்னம் எல்லாம் போட்டு அரசுத் தளம் போலவே காட்டும் தரகர் தளங்கள் தேடலில் விளம்பரமாக முதலில் வந்து நிற்கின்றன. துருக்கி அரசின் உண்மையான தளத்தின் முகவரி 'ஜிஓவி புள்ளி டிஆர்' என்று முடியும். அம்மாவுக்கு விசா தேவைதான். பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), இவற்றில் ஒன்றின் விசா இருக்கும் இந்தியர்களுக்கு இணைய விசா கிடைக்கும். ஆனால் அதை அரசுத் தளத்திலேயே எடுத்திருக்கலாம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் விடாதீர்கள். 1974-ஆம் ஆண்டின் பிரிட்டன் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு. 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவையைப் பொய் சொல்லி விற்றிருந்தால் கார்டு கொடுத்த வங்கியும் அதற்குப் பொறுப்பு. அந்தத் தளத்தின் பக்கங்களைப் படமெடுத்து, கடிதத்தோடு இன்றே அனுப்புங்கள்.

கே: மர்மரிஸிலிருந்து ரோட்ஸ் தீவுக்கு ஒரு மணி நேரப் படகுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். துருக்கி இணைய விசா போதும்தானே? (வாசகர், கோவை)

ப: போதாது. ரோட்ஸ் கிரேக்க நாட்டின் தீவு, ஷெங்கன் விசா வேண்டும். அது இருந்தாலும், இந்தியர்களுக்குத் தரும் துருக்கி இணைய விசா ஒரே நுழைவுக்குத்தான். ரோட்ஸ் போய்விட்டால் அதே விசாவில் மர்மரிஸுக்குத் திரும்ப முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கே: கடைகளில் கார்டைத் தேய்த்தால் 'ரூபாயா, லிராவா?' என்று மெஷின் கேட்கிறது. நமக்குத் தெரிந்த கணக்கு என்பதால் ரூபாயையே அழுத்தினேன். சரிதானே? (வாசகி, மதுரை)

ப: தவறு. இதைப் பத்து வருடமாக எழுதுகிறேன், இன்னும் நூறு முறை கேட்டாலும் எழுதுவேன்.

'ரூபாய்' என்று அழுத்தியதும் பணமாற்றம் உங்கள் வங்கியின் கையை விட்டுப் போய்விடுகிறது. அந்த மெஷினை நடத்தும் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் போட்டு மாற்றுகிறது. நூறு ரூபாய்க்கு நாலைந்து ரூபாய், சில இடங்களில் அதற்கு மேலும் அதிலேயே போய்விடும். அதில் கடைக்காரருக்கும் பங்கு போவதுண்டு. ரூபாயில் முடித்துவிட்டோம், இனி வங்கி ஒன்றும் பிடிக்காது என்று நினைக்கிறோம். அதுவும் நடப்பதில்லை. கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் முடிந்த கணக்குக்கும் நம் வங்கிகள் பல தனிக் கட்டணம் போடுகின்றன. ஆக, இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஏடிஎம்மில் இது வேறு வேஷத்தில் வரும். 'இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா?' என்று கேட்டு, ஏற்பதற்குப் பெரிய பச்சைப் பொத்தானும் மறுப்பதற்கு மூலையில் சின்னதாக ஒன்றும் வைத்திருப்பார்கள். மறுத்தால் பணம் வராது என்று பயந்து பலரும் பச்சையை அழுத்துகிறார்கள். வரும். மறுப்பது அந்த விகிதத்தைத்தான். பணம் லிராவில் வரும், உங்கள் வங்கி தன் விகிதத்தில் கழித்துக்கொள்ளும்.

எந்த நாணயம் என்று முடிவு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு கார்டு நிறுவனங்களின் விதியும் அதுதான். கடைக்காரர் மெஷினைத் தன் பக்கம் திருப்பி அவரே பொத்தானை அழுத்தினால் 'லிரா, லுட்ஃபென்' என்று சொல்லுங்கள். 'லுட்ஃபென்' என்றால் தயவுசெய்து. ரசீதில் ரூபாய் வந்துவிட்டதா? 'இப்தால்' என்று சொன்னால் ரத்து செய்வார்கள். கடையை விட்டு இறங்குவதற்கு முன் செய்யுங்கள்.

கே: கடலோர உணவகத்தில் 'இன்றைய மீன்' என்று தட்டில் வைத்துக் காட்டினார்கள். சாப்பிட்ட பிறகு வந்த பில், மூன்று நாள் சாப்பாட்டுச் செலவு! நாங்கள் வயதான தம்பதி, வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை, கொடுத்துவிட்டு வந்தோம். (வாசகர், திருச்சி)

ப: இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. விலைப்பட்டியலை வாசலிலும் மேசையிலும் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வைக்காமல் மீனை மட்டும் காட்டியது அவர்கள் குற்றம். அங்கே மீனுக்குப் பெரும்பாலும் எடைக் கணக்கு. தட்டில் காட்டுவது ஒரு கிலோவைத் தாண்டியும் இருக்கும். அடுத்து போகிறவர்கள் கிலோ என்ன விலை, இந்த மீன் எத்தனை கிலோ என்று கேட்டு, தராசில் வைக்கச் சொல்லிப் பார்த்த பிறகு தலையாட்டுங்கள். தகராறு வந்தால் துருக்கி வணிக அமைச்சகத்தின் நுகர்வோர் எண் 175. அந்த எண்ணை நீங்கள் டயல் செய்வது தெரிந்தாலே பேச்சு மாறும்.

கே: கரையில் நின்ற ஒருவரிடம் 'எல்லாம் அடக்கம்' என்று படகுச் சுற்றுலா டிக்கெட் வாங்கினேன். படகில் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் காசு. நுரையை அடித்துப் பாட்டுப் போட்டு ஆட்டம் வேறு. கூட எழுபது வயது மாமியார்! (வாசகி, பெங்களூரு)

ப: 'எல்லாம்' என்றால் என்னென்ன என்று கேட்டீர்களா? டிக்கெட்டின் பின்பக்கம் படித்தீர்களா? அந்தப் படகு பக்கத்திலேயேதானே நின்றிருக்கும், ஒரு நடை போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் எதற்கும் பதில் இல்லை. பெரும்பாலும் மதிய உணவு அடக்கம், குடிப்பது எல்லாம் தனி. மர்மரிஸ் துறையில் அமைதியான படகுகளும் உண்டு, முந்தின நாள் மாலை அவை திரும்பி வரும்போது நின்று பார்த்தாலே எது எப்படி என்று தெரிந்துவிடும். மாமியாருக்கு என் வணக்கம்.

கே: அங்கே குங்குமப்பூ மலிவாமே? தேனும் வாங்கச் சொல்கிறார்கள். (வாசகி, சேலம்)

ப: மலிவான குங்குமப்பூ என்று உலகத்தில் ஒன்று இல்லை. சுற்றுலாக் கடைகளில் 'துருக்கிக் குங்குமப்பூ' என்று குவித்து வைத்திருப்பது பெரும்பாலும் குசும்பப்பூ, பார்க்க அதே போல இருக்கும் வேறொரு செடியின் பூ. 'இந்தியக் குங்குமப்பூ' என்று எழுதியிருந்தால் அது மஞ்சள்தூள். ஈரோட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள், அதை அங்கே போய் வாங்க வேண்டாம்.

தேன் வாங்குங்கள். மர்மரிஸ் இருக்கும் முலா மாகாணம் பைன் தேனுக்குப் பேர் போனது. இது பூவிலிருந்து வருவதில்லை. பைன் மரத்துச் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி விடும் இனிப்புத் துளிகளைத் தேனீக்கள் சேர்த்துச் செய்வது. நிறம் அடர்த்தி, தித்திப்பு குறைவு, எளிதில் உறையாது. 2021 கோடையில் பரவிய காட்டுத்தீயில் அந்த மரங்கள் ஏராளமாக எரிந்து, தேன் வளர்ப்பவர்கள் பெரிய அடி வாங்கினார்கள். அதனால் சாலையோரச் சர்க்கரைப் பாகுக்குப் போகாமல், உற்பத்தியாளர் சங்கத்தின் லேபிள் உள்ள பாட்டிலாகப் பார்த்து அவர்களுக்கே காசு போகட்டும். பெட்டியில் வையுங்கள், கைப்பையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கே: பட்டுக் கம்பளம் வாங்கலாமா? (வாசகர், புதுச்சேரி)

ப: நான் வாங்கி ஏமாந்தேன். ஆப்பிள் டீ கொடுத்து, ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, 'சுத்தப் பட்டு' என்று கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அதில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. காய்ந்ததும் அந்த இடம் மஞ்சளித்து, இழை விறைத்துப் படிந்துவிட்டது. ஓரத்து நூல் ஒன்றைப் பிய்த்துக் கொளுத்தினேன். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். எனக்கு வந்தது காகிதம் எரியும் வாசனை. விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. என் மனைவி அதற்காகவே ஒரு வருடம் சேர்த்து வைத்த பணம் அது.

பட்டு வேண்டாம். அதே மாகாணத்து மிலாஸ் ஊரின் கம்பளிக் கம்பளம் கேளுங்கள். கடைக்காரர் முன்னாலேயே ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் டீயை முழுவதும் குடிக்காமலே எழுந்து வாருங்கள்.

கே: பழைய இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பையனிடம் ரோமானிய நாணயம் வாங்கினேன். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், சென்னை)

ப: போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோவது துருக்கியின் 2863-ஆம் எண் சட்டப்படி குற்றம், ஐந்து முதல் பன்னிரண்டு வருடம் சிறை. இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் பக்கத்து அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.