சிறிய கேமராவுக்கு லென்ஸ் ஹூட் தேவையா?

கேள்வி: என்னிடம் இருப்பது சட்டைப் பைக்குள் அடங்கும் ஜூம் கேமரா. வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகின்றன. சிலவற்றில் வட்டவட்டமாக ஒளித்திட்டுகளும் விழுகின்றன. லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான லென்ஸ் ஹூட் வாங்கிப் பொருத்தினால் சரியாகுமா?

பதில்: ஓரளவு சரியாகும். ஆனால், உங்கள் கேமராவைப் பொறுத்தவரை பணம் கொடுத்து ஹூட் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் சூரியனின் ஒளி முன்கண்ணாடியில் சாய்வாக விழுந்து, உள்ளிருக்கும் கண்ணாடிகளுக்கிடையே மாறிமாறிப் பிரதிபலித்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் முழுவதும் பரவுவதால்தான் படம் வெளுக்கிறது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் அதன் வழிவந்தவையும் இந்த அளவை வெகுவாகக் குறைத்துவிட்டன என்றாலும், நேர் வெயில் அடிக்கும்போது மிச்சமுள்ள சிறு பங்கே படத்தைக் கெடுக்கப் போதுமானது. அந்த வெயில் கண்ணாடியில் படாமல் நிழல் தருவது மட்டுமே ஹூட்டின் வேலை. சூரியனே படத்துக்குள் வந்துவிட்டால் அதனால் பயனில்லை.

சிறிய கேமராவில் சிக்கல் ஜூமால் வருகிறது. ஜூம் செய்யாத அகலக் கோணத்தில், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 28 மி.மீ. குவியத்தூரத்துக்கு இணையான நிலையில், மூலைக்கு மூலை ஏறத்தாழ 75 பாகை அகலக் காட்சி படத்தில் அடங்கும், ஜூம் செய்து 140 மி.மீ.க்கு இணையான நிலைக்கு வந்தால் அது சுமார் 18 பாகையாகச் சுருங்கிவிடும். அகலக் கோணத்தில் மூலைகள் கறுக்காமல் இருக்க வேண்டுமானால் ஹூட் குட்டையாக இருந்தாக வேண்டும். அந்தக் குட்டை ஹூட் ஜூம் செய்த நிலையில் பெயரளவுக்குத்தான் நிழல் தரும். லென்ஸின் விளிம்பிலேயே ஒட்டிக்கொள்ளும் வளையங்களும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் எடை லென்ஸை நகர்த்தும் சின்னஞ்சிறு மோட்டாரின் மீது விழுகிறது என்பதால் எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. கேமராவின் உடலில் மாட்டும் அடாப்டர் குழாய் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அது பாதுகாப்பானது. எனினும் ஃபிளாஷ் போடும்போது அதன் நிழல் படத்தின் அடியில் விழக்கூடும்.

இவற்றையெல்லாம்விட உங்கள் உள்ளங்கை நன்றாக வேலை செய்யும். கேமராவை முக்காலியில் வைத்து, வெயில் வரும் பக்கத்தில் கையை நீட்டி, அதன் நிழல் முன்கண்ணாடியை முழுவதுமாக மூடுகிறதா என்று முன்பக்கமிருந்து பாருங்கள். நிழல் சரியாக விழுந்த கணத்தில் திரையில் சாம்பல் பூத்திருந்த கறுப்பு ஆழமாவது கண்ணுக்கே தெரியும். விரல் நுனி படத்தின் ஓரத்தில் எட்டிப்பார்த்தால் மட்டும் கையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். ஜூம் மாறினால் கையின் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது எந்த ஹூட்டுக்கும் இல்லாத வசதி.

அதன் பிறகும் படம் வெளுத்தே இருந்தால், கண்ணாடியில் விரல்ரேகை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிசுக்கும் ஒளியைச் சிதறடிக்கும். மைக்ரோஃபைபர் துணியால் மென்மையாகத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.