ஃப்ரீபிஎஸ்டி: கார்டு மாற்றியபின் ஐபி வரவில்லை

ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் கணினியில் ரியல்டெக் நெட்வொர்க் கார்டைக் கழற்றி இன்டெல் ஜிகாபிட் கார்டு போட்டபின் ஐபி முகவரி வரவில்லை என்று சொல்கிறீர்கள். ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இன்னும் பழைய கார்டின் பெயரான ஆர்ஈ0 என்றுதான் இருக்கும், அதைப் புதுப் பெயருக்கு மாற்றுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் இன்டர்ஃபேஸ் பெயர் (சிஸ்டம் கார்டுக்கு வைக்கும் பெயர்) அதை இயக்கும் டிரைவரைப் பொறுத்தே வரும், ஆகவே இப்போது அது ஈஎம்0 அல்லது ஐஜிபி0 ஆகியிருக்கும், கோப்பில் உள்ள பழைய வரியைச் சிஸ்டம் கண்டுகொள்ளாது.

முதலில் இஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்துப் புதுப் பெயரைப் பாருங்கள். ஸ்டேட்டஸில் 'நோ கேரியர்' (கேபிளில் சிக்னல் இல்லை) என்று வந்தால் கோளாறு கேபிளிலோ சுவிட்சிலோ.

அப்புறம், மாற்றம் நடைமுறைக்கு வர நெட்இஃப் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் டீஃபால்ட் ரூட் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) போய்விடும், கூடவே ரவுட்டிங் சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு கார்டு வழியாக எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து) வந்திருந்தாலும் இணைப்பு அறுந்துவிடலாம், அதனால் கணினியின் கன்சோலில்தான் செய்யணும் (ஒருமுறை பட்டிருக்கிறேன், நடுராத்திரியில்). பிஎஃப் ஃபயர்வால் வைத்திருந்தால் அதன் விதிகளிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கலாம்.