மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் வலங்கைமானுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். எம்.எஸ்ஸி. உளவியல் முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். டெல்டா மாவட்டங்களின் வேளாண் குடும்பத்துப் பெண்களிடம் காணப்படும் மனச்சோர்வு என் ஆய்வுப் பொருள். சிறப்புப் பிரிவு ‘மருத்துவ உளவியல்’ என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நோயாளியின் எதிரில்கூட நான் உட்கார்ந்ததில்லை. நானூறு பேரிடம் வினாப்படிவம் நிரப்பி வாங்க வேண்டும் என்பது நெறியாளரின் கணக்கு. இதுவரை 217 வாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் நீடாமங்கலம் பக்கத்தில், களைபறித்துக் கரையேறிய ஒரு பாட்டியம்மாவிடம், ‘நான் குற்ற உணர்வால் ஆட்கொள்ளப்படுகிறேன்’ என்ற வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். ‘அப்படின்னா என்னாம்மா? நீயே ஏதாச்சும் போட்டுக்க தாயி’ என்றார். நானும் நடுவிலிருந்த எண்ணைப் போட்டுக்கொண்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்பா நான் டாக்டர் ஆகும் நாளுக்காகக் காத்திருக்கிறார். போர்டு மாட்ட வாசலில் இடம்கூடப் பார்த்துவிட்டார். மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் என்பது இவ்வளவுதானா? தொடர்வதா, நிறுத்திவிடுவதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆய்வாளருக்கு,

நடுவில் போட்ட அந்த எண்ணைப் பற்றி யாரும் கேட்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கணக்கில் சேரக் கூடாது. நெறியாளரிடமும் சொல்லிவிடுங்கள். மற்றவற்றை இனிப் பேசலாம்.

முதலில் போர்டு. எழுதக் கொடுத்த பிறகு அழிப்பது சிரமம் என்பதால் இதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெறப்போகும் பட்டம் உங்களை முனைவர் ஆக்கும், மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்யும் உரிமையைத் தராது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த, ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்றுக்கொண்ட படிப்பை, அது ஏற்றுக்கொண்ட நிறுவனத்தில் முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் சேர்த்தவருக்கே அந்த உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று சொல்லுமிடத்தில், ஆர்.சி.ஐ. ஏற்ற தகுதியையும், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளிடம் பயிற்சி பெற்று முடித்த இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையும் குறிப்பிடுகிறது. வெறும் ஆய்வுப் பட்டம் அந்த வரையறைக்குள் வராது. ‘மேற்பார்வை’ என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த எம்.ஃபில். நெடுங்காலமாக இருந்துவந்தது. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறிந்த பெங்களூர் நிறுவனம், அகில இந்திய மனநல நிறுவனம் என்ற பெயரில் 1954இல் தொடங்கி, அடுத்த ஆண்டே உளவியலாளர்களுக்கு ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அதுவே பின்னாளில் எம்.ஃபில். ஆயிற்று. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தார்கள். முதுகலைக்குப் பின் நான்காண்டு நடக்கும் சை.டி. (டாக்டர் ஆஃப் சைக்காலஜி) என்ற பட்டமும் ஆர்.சி.ஐ. ஏற்ற ஒரு வழி. அதை நடத்தும் இடங்கள் குறைவு. எதில் சேர்வதானாலும், கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல் அந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ. பட்டியலை நீங்களே பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் படும் குழப்பம் இந்தத் துறையோடு கூடப்பிறந்தது. அமெரிக்க உளவியலாளர் லைட்னர் விட்மர் 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் சிகிச்சையகத்தைத் திறந்தபோது, அவரிடம் வந்தவர்கள் பாடத்தில் தடுமாறிய பிள்ளைகள். ஆய்வும் சிகிச்சையும் ஒரே அறையில் நடந்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து மனம் கலங்கித் திரும்பிய படைவீரர்களைக் கவனிக்க ஆள் போதாமல் போனதால், 1949இல் போல்டர் நகரில் கூடிப் பேசிய அமெரிக்க உளவியலாளர்கள், முனைவர் பட்டம் பெறுபவர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயில வேண்டும், நோயாளிகளிடையே ஓராண்டு முழுநேரப் பயிற்சியும் அதில் அடங்க வேண்டும் என்று வகுத்தார்கள். அது ஆய்வின் பக்கமே சாய்ந்துவிட்டது என்ற குறை எழுந்ததால் 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான் சை.டி. நம் நாட்டிலோ இரண்டும் ஆரம்பம் முதலே தனித்தனி வீடுகளில் வளர்ந்தன. சிகிச்சை மனநல மருத்துவமனைகளுக்குப் போயிற்று, முனைவர் பட்டம் கலைக்கல்லூரி வளாகத்தில் தங்கிவிட்டது. இத்தனைக்கும், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளவியலுக்கு அளித்த முதல் டாக்டர் பட்டம் என்று சொல்லப்படுவதை 1921இல் கல்கத்தாவில் பெற்ற கிரீந்திரசேகர் போஸ், அன்றாடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவர்.

உங்கள் நெறியாளர்மீது எனக்குக் கோபமில்லை. மானியக் குழுவின் விதி அவரிடம் கேட்பது குறைந்தது மூன்றாண்டுக் காலம், குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள், ஓர் ஆய்வேடு, வைவா என்னும் ஒரு வாய்மொழித் தேர்வு. நோயாளியின் எதிரில் மாணவரை உட்காரவைத்தீர்களா என்று எந்த விதியும் அவரைக் கேட்பதில்லை. அவரையும் ஒரு காலத்தில் யாரும் உட்காரவைக்காமல் இருந்திருக்கலாம்.

மேற்பார்வை என்றால் என்ன என்பதை எனக்கு நேர்ந்ததைக் கொண்டு சொல்கிறேன். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சியின் முதல் ஆண்டில் டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் என்னை அமர்த்தினார்கள். நாற்பது வயதுப் பெண் ஒருவர் தம்பியோடு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதையோ பறிகொடுத்தாற்போல இருக்கிறது என்றார். இடையில், ‘ரெண்டு தடவ மருந்தக் குடிச்சிட்டேன்’ என்றும் சொன்னார். இதற்குமுன் இருமுறை மருந்து உட்கொண்டிருக்கிறார் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுபோய் என் மேற்பார்வையாளரிடம் படித்துக் காட்டினேன். அவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, ‘அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே தமிழ்ல சொல்லு’ என்றார். சொன்னேன். அவர் மேலே எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போனார். அந்தப் பெண் மாத்திரை வாங்கும் வரிசையில், ஒரு மாதத்துக்கான சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். சீட்டு ஒரு வாரத்துக்கு மாற்றப்பட்டது. மாத்திரைகளைத் தம்பி கையில் கொடுத்து, அவரே வைத்திருந்து வேளைக்கு வேளை தரவேண்டும் என்று சொல்லி, வீட்டில் பயிருக்கு அடிக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். ‘மருந்து’ என்றால் இந்த வயற்காட்டு ஊர்களில் எது என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

அதன்பிறகு ஏறக்குறைய இரண்டாண்டு, ஒவ்வொரு நோயாளியோடு நான் பேசியதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டுபோய்ப் படித்தேன். அங்கே ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய், அவர் பேசாமலிருந்தபோது ஏன் அவசரப்பட்டாய், இங்கே வருவதற்குமுன் எங்கெல்லாம் போனார் என்று கேட்டாயா என்று மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசிக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கிவிட்டு வந்தவர்களும், வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மகத்தி வாசலிலேயே நின்றுவிட்டது என்று சொல்லப்படும் திருவிடைமருதூர்க் கோயிலில் ஒரு வாசலால் நுழைந்து வேறு வாசலால் வெளியேறிவிட்டு வந்தவர்களும் எங்களிடம் வந்தார்கள். அதைச் சொன்னால் படித்த பெண் சிரிப்பாள் என்று சொல்லாமல் மறைத்தார்கள். கேட்கத் தெரிந்தபின்தான், நோய் எப்போது தொடங்கியது, குடும்பம் அதை என்னவென்று நம்புகிறது, யார் பேச்சைக் கேட்கிறது என்பதெல்லாம் அந்தப் பயணக் கதைக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. மருத்துவ உளவியலில் பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்: நாம் பிறரைக் கேட்பதை இன்னொருவர் உட்கார்ந்து கேட்பது.

இனி உங்கள் வினாப்படிவம். எந்த அளவுகோல் என்று நீங்கள் எழுதவில்லை. மனச்சோர்வுக்கு மிகுதியாகப் புழங்கும், அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் அளவுகோல், 21 பகுதிகள் கொண்டது, 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் உருவானது. தம்மிடம் வந்த நோயாளிகள் தங்கள் நிலையைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களைத் திரட்டித்தான் பெக் அதை அமைத்தார். அதை நாம் தமிழாக்கும்போது நோயாளியின் வாயிலிருந்து வந்ததைப் பாடநூலின் வாய்க்கு மாற்றிவிடுகிறோம். ‘குற்ற உணர்வு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நீடாமங்கலத்தில் எவரும் வருந்துவதில்லை. ‘மனசு உறுத்துது’ என்பார்கள், ‘என்ன பாவம் பண்ணினேனோ’ என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல, முன்னது தான் செய்ததைப் பற்றியது, பின்னது தன் தலையில் விழுந்ததைப் பற்றியது. மனச்சோர்வை ஆராய்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது, உங்கள் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. தமிழாக்கியதை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். அது போதாது. பத்துப் பதினைந்து பெண்களிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக்காட்டி, இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நானூறு என்ற எண்ணைக் குறைத்து, இந்த வேலையை ஆய்வேட்டின் ஓர் அதிகாரமாக்க உங்கள் ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியிடம் அனுமதி கேளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் புள்ளியியல் பலம் குறையும் என்று யாராவது சொன்னால், புரியாத கேள்விக்கு வாங்கிய நானூறு பதில்களின் பலம் என்ன என்று பணிவாகக் கேளுங்கள். பணிவு முக்கியம், வைவா வரைக்கும் அவர்கள் தயவு வேண்டும்.

தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு என் பதில் தொடருங்கள் என்பதே. கல்லூரியில் கற்பிக்கவும் ஆராயவும் இந்தப் பட்டம் போதும், அது சிறிய வேலையல்ல. நோயாளிகளோடு வேலை செய்வதுதான் உங்கள் விருப்பமென்றால் ஆர்.சி.ஐ. ஏற்ற படிப்பு ஒன்றைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும். சேரும் துறைக்குப் போய், வாரத்தில் எத்தனை நாள் நோயாளிகளைப் பார்ப்போம், நான் எழுதுவதை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்ற இரண்டை மட்டும் விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் திரும்பிவிடுங்கள். அதுவரை, மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே உங்களுக்குப் பக்கத்திலுள்ள திருச்சிராப்பள்ளியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். இன்று அது எல்லா டெல்டா மாவட்டங்களிலும் இருக்கிறது. மருத்துவமனையின் அனுமதியோடும் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும், வாரம் ஒருநாள் அங்கே மூலையில் ஒரு நாற்காலி கேளுங்கள். பேச வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இவையெல்லாம் மெல்ல நடக்கட்டும். ஒன்று மட்டும் இந்த வாரமே நடக்க வேண்டும். இத்தகைய படிவங்களில், வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி பெரும்பாலும் இருக்கும். 217 படிவங்களையும் எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். ஆமென்று சொன்ன பெண்களை அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். அதைத் தவிர வேறெதையும் உங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நெறியாளரிடம் இதைச் சொல்லி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமும் பேசிவிட்டு, தகுதியுள்ள ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அதை ஒரு சீட்டில் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.

அந்தப் பாட்டியம்மாவையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தமுறை படிவம் வேண்டாம். மனசை எதாவது உறுத்துகிறதா ஆயா என்று கேட்டுவிட்டு, கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.